நோய் தெரிவதற்கு முன் சாப்பிட்ட சாப்பாடு புற்றுநோயாளியின் ஆயுளைத் தீர்மானிக்குமா?

கேள்வி இதுதான். 58 வயது அம்மாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை. கீமோ தொடங்கிவிட்டது. பத்து வருஷமாகச் சர்க்கரையும் இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே தரமாகச் சாப்பிட்ட பெண்கள் சிகிச்சைக்குப் பின் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள் என்று மகள் எங்கோ படித்திருக்கிறார். அம்மா மூன்று வேளையும் அரிசி, கூடவே ஊறுகாய், அப்பளம் என்றே பழகியவர். அப்படியானால் அவருக்கு வாய்ப்பு குறைந்துவிட்டதா? இனி சாப்பாட்டை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியுமா?

அந்த ஆய்வை வைத்து உங்கள் அம்மாவின் ஆயுளைக் கணிக்க முடியாது. பழைய சாப்பாடு கட்டியோடு நேராக மோதுவதில்லை. பல வருஷங்களில் அது ஓர் உடம்பை உருவாக்கி வைக்கிறது: ரத்தச் சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு, தசை. அந்த உடம்புதான் அறுவை சிகிச்சையையும் கீமோவையும் தாங்கப்போகிறது. நடந்து முடிந்த இருபது வருஷச் சாப்பாட்டை மாற்ற வழியில்லை. சர்க்கரையையும் தசையையும் இன்றைக்கும் கையாளலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் படித்த செய்தியின் வேர் அநேகமாக 2014-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு. 1993 முதல் 1998 வரை 40 மையங்களில், மாதவிடாய் நின்ற 50 முதல் 79 வயதுப் பெண்கள் 1,61,808 பேரை 'விமென்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்ற திட்டத்தில் சேர்த்தார்கள். அவர்களில் பின்னாளில் சினைப்பைப் புற்றுநோய் வந்த 636 பேரை மட்டும் தனியே எடுத்து, நோய் தெரிவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பே அவர்கள் நிரப்பிக் கொடுத்திருந்த உணவுப் படிவங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண்ணை வைத்து மூன்று பிரிவாகப் பிரித்தபோது, கீழ்ப் பிரிவைவிட மேல் பிரிவில் இறப்பு வீதம் 27 சதவீதம் குறைவாக இருந்தது.

செய்திகள் இந்த 27-ஓடு நின்றுவிடும். அதே முடிவின் பிழை எல்லையைப் பார்த்தால், உண்மையான வித்தியாசம் 45 சதவீதமாகவும் இருக்கலாம், வெறும் 3 சதவீதமாகவும் இருக்கலாம். 636 பேர் என்பது சிறிய கூட்டம். அதனால்தான் எல்லை இவ்வளவு அகலம். இன்னொரு விவரம் உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவது: ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களிடமும், இடுப்புச் சுற்றளவு 88 செ.மீ.க்கு மேல் இருந்தவர்களிடமும் இந்தப் பலன் தென்படவில்லை. உணவு மதிப்பெண் உயர்வாக இருந்தும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

27 சதவீதம் குறைவு என்றால் நூறு பேரில் 27 பேர் கூடுதலாகப் பிழைப்பார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழ்ப் பிரிவில் ஐந்து வருஷத்துக்குப் பின் நூற்றில் 40 பேர் உயிரோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறப்பு வீதம் 27 சதவீதம் குறைந்தால் மேல் பிரிவில் அந்த எண்ணிக்கை சுமார் 51 ஆகும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, நூற்றில் 95 பேர் பிழைக்கும் ஒரு புற்றுநோயில் அதே 27 சதவீதம் 95-ஐ 96 ஆக மட்டுமே மாற்றும். எந்தப் புற்றுநோய், எந்த நிலை என்று சொல்லாமல் சதவீதத்தை மட்டும் தூக்கிப் போடும் செய்தியால் பயமோ பொய்யான நம்பிக்கையோதான் மிஞ்சும். சினைப்பைப் புற்றுநோயில் உயிர்காலத்தைப் பெரிதும் முடிவு செய்பவை நிலை, அறுவை சிகிச்சைக்குப் பின் கட்டி மிச்சமிருக்கிறதா என்பது, பிளாட்டினம் வகைக் கீமோ மருந்துக்கு அது எப்படிப் பணிகிறது என்பது. சாப்பாட்டின் இடம் இவற்றுக்குப் பின்னால்தான்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் அதன் எல்லையும் புரியும். இந்த 'ஹெல்தி ஈட்டிங் இண்டெக்ஸ்' அமெரிக்க வேளாண் துறை 1995-இல் உருவாக்கியது, அவ்வப்போது திருத்தப்படுவது. மேலே சொன்ன ஆய்வு 2005-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பயன்படுத்தியது. 2015 பதிப்பில் 13 பகுதிகள், மொத்தம் 100 மதிப்பெண். எல்லாமே 1,000 கலோரிக்கு எவ்வளவு என்ற கணக்கு. நம் சமையலறையில் நாளைக்கு 1,600 கலோரி சாப்பிடும் ஒரு பெண்ணின் தட்டை வைத்துப் பார்ப்போம். தீட்டிய தானியத்துக்கு முழு 10 மதிப்பெண் வேண்டுமானால் நாளைக்குச் சுமார் 80 கிராம் அரிசிக்குள் நிற்க வேண்டும்; 195 கிராமைத் தாண்டினால் பூஜ்யம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் அரிசியே 250 கிராம் வந்துவிடும். உப்பும் அப்படித்தான். இவர் நாளைக்கு 10 கிராம் உப்பு எடுத்தால் அதில் சுமார் 4 கிராம் சோடியம். 1,000 கலோரிக்கு 2 கிராமைத் தாண்டினாலே பூஜ்யம். இவருக்கு அது 2.5 ஆகிறது. முழுத் தானியத்துக்கு முழு மதிப்பெண் வாங்க 70 கிராம் அளவுக்குக் கேழ்வரகோ கைக்குத்தல் அரிசியோ முழுக் கோதுமையோ வேண்டும். கீரையும் பருப்பும் சேர்ந்த பகுதி மட்டும் நமக்குச் சாதகம்: வேகவைத்த பருப்பு மூன்றில் ஒரு கப் போனாலே முழு 5 மதிப்பெண். ஒழுங்காக சாம்பார் வைக்கும் வீட்டில் அது தானாக நடக்கிறது.

ஆகவே உங்கள் அம்மாவின் தட்டு இந்த அளவுகோலில் குறைவாகத்தான் வாங்கும். ஆனால் இது அமெரிக்கர்களின் உணவு வழிகாட்டுதலுக்காகத் தைத்த சட்டை, அமெரிக்கப் பெண்களிடம் சோதித்தது. 122 உணவுகள் கொண்ட ஒரு படிவத்தில் 'கடந்த மூன்று மாதத்தில் இதை எத்தனை முறை சாப்பிட்டீர்கள்' என்று கேட்டு வாங்கிய பதில்கள்தான் அடிப்படை. எத்தனை முறை கேரட் சாப்பிட்டோம் என்று யாருக்கும் சரியாக நினைவிருக்காது. எல்லோரும் ஓர் ஒழுங்கில்லாமல் கூட்டியும் குறைத்தும் தப்பாகச் சொன்னால் உண்மையான தொடர்பு மங்கித் தெரியும். நன்றாகச் சாப்பிடுவதாகக் காட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் இல்லாத தொடர்பு தென்படும்.

இதைவிடப் பெரிய சிக்கல், தரமாகச் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் வேறுபட்டவர்களாக இருப்பது. வசதி, படிப்பு, புகைக்காத பழக்கம், நடைப்பயிற்சி, உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே மருத்துவரிடம் போகும் பழக்கம், நல்ல மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் வீடு. ஆய்வாளர்கள் இவற்றில் பலவற்றைக் கணக்கில் கழிக்கிறார்கள், ஆனால் முழுதாகக் கழிக்க முடியாது. மார்பகம், பெருங்குடல் போன்று முன்கூட்டியே பரிசோதிக்கக்கூடிய புற்றுநோய்களில் இது இன்னும் தந்திரமானது. ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போகிறவருக்கு நோய் இரண்டு வருஷம் முன்பே தெரிந்துவிடும்; அவர் இறக்கும் தேதி மாறாவிட்டாலும் நோய் தெரிந்ததிலிருந்து எண்ணும்போது கூடுதல் காலம் வாழ்ந்ததாகத் தெரியும்.

காரணமும் விளைவும் தலைகீழாவதும் உண்டு. சினைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே வயிறு உப்புசம், இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு எல்லாம் மாதக்கணக்கில் இருக்கும். அந்த நேரத்தில் 'என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்டால், முற்றிய நோய் உள்ளவர்தான் குறைவாகவும் மோசமாகவும் சாப்பிட்டிருப்பார். கெட்ட உணவால் கெட்ட முடிவு என்று அது காட்டும். நடந்தது நேர்மாறாக இருக்கும். நோய் தெரிவதற்கு ஓராண்டாவது முந்தைய படிவம் மட்டும் என்று 2014 ஆய்வு வைத்துக்கொண்ட நிபந்தனை இதற்காகத்தான். சிகிச்சை தொடங்கும் நாளில் கேள்விப்படிவம் கொடுத்துச் செய்த ஆய்வு எதையாவது பார்த்தால், குறிப்பாக வாய், தொண்டை, இரைப்பைப் புற்றுநோய்களில், கூடுதல் சந்தேகத்தோடு படியுங்கள்.

இவ்வளவு குறைகள் இருந்தும் இந்தத் தொடர்பை ஒதுக்கிவிடாததற்குக் காரணம், அதே திட்டத்தில் நடந்த ஒரு பெரிய சோதனை. 48,835 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 40 சதவீதத்தினருக்கு உணவை மாற்றப் பயிற்சி கொடுத்தார்கள்: கொழுப்பிலிருந்து வரும் கலோரியை 20 சதவீதத்துக்குக் குறைப்பது, காய்கறி பழம் நாளைக்கு ஐந்து பங்கு, தானியம் ஆறு பங்கு. முதல் ஆண்டில் 18 குழு வகுப்புகள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று, சுமார் எட்டரை வருஷம். சேரும்போது இவர்கள் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இல்லை. ஆகவே நோய்க்கு முந்தைய உணவைப் பற்றி, வசதி, படிப்புச் சிக்கல் இல்லாமல் கிடைத்த அரிய சான்று இது. கொழுப்பு 20 சதவீதம் வரை இறங்கவில்லை; முதல் ஆண்டில் சுமார் 24-க்கு வந்து, பிறகு மெல்ல ஏறி ஆறாம் ஆண்டில் 29-ஐ நெருங்கியது. மார்பகப் புற்றுநோய் வரும் எண்ணிக்கையும் தெளிவாகக் குறையவில்லை. ஆனால் அந்த எட்டரை வருஷத்தில் நோய் வந்தவர்களில், பத்து வருஷத்துக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் உணவு மாற்றிய பிரிவில் 82 சதவீதம், மற்றப் பிரிவில் 78 சதவீதம். கிட்டத்தட்ட இருபது வருஷம் தொடர்ந்து பார்த்தபோது மார்பகப் புற்றுநோயால் இறப்பது 21 சதவீதம் குறைந்திருந்தது.

இந்தச் சோதனையில் யாருக்கு அதிகப் பலன் கிடைத்தது என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பெரிய இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு என்று வளர்சிதை மாற்றக் கோளாறுகள் மூன்றோ நான்கோ கூடியிருந்த பெண்களுக்கு. சினைப்பை ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களிடம் பலன் தெரியவில்லை, இங்கே அப்படிப்பட்டவர்களுக்கே கூடுதல் பலன் என்றால் முரணாகத் தோன்றும். இரண்டும் வேறு வேறு புற்றுநோய்கள் என்பதை மறக்காமல், நான் இப்படிப் பார்க்கிறேன்: படிவத்தில் நல்ல மதிப்பெண் இருந்தும் ரத்தத்தில் சர்க்கரையும் இன்சுலினும் ஏறியே இருந்தால் அந்த மதிப்பெண் உடம்புக்குள் இறங்கவில்லை. அதே உடம்பில் உணவை உண்மையாக மாற்றி, எடையும் சர்க்கரையும் இறங்கினால் பலன் கிடைக்கிறது. ஆகவே நம்ப வேண்டிய அளவுகோல் ரத்தப் பரிசோதனையும் இடுப்பு நாடாவும். தெற்காசியப் பெண்களுக்கு எச்சரிக்கை எல்லை 88 செ.மீ. இல்லை, 80.

உடம்பு எப்படிச் சிகிச்சையில் குறுக்கிடுகிறது என்பதற்கு உங்கள் அம்மாவின் மருந்தையே எடுத்துக்கொள்ளலாம். சினைப்பைப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது பாக்லிடாக்சலும் கார்போபிளாட்டினும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு சுற்று. கார்போபிளாட்டின் அளவைச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை வைத்து நிர்ணயிக்கிறார்கள்: வடிகட்டும் வீதத்தோடு 25 கூட்டி, இலக்கு எண்ணால் பெருக்குவது. வீதம் 90, இலக்கு 5 என்றால் 575 மி.கி. அந்த வீதத்தைப் பெரும்பாலும் ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினிலிருந்து ஊகிக்கிறார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றியவருக்குக் கிரியேட்டினின் குறைவாக இருக்கும், சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்வதாகக் கணக்குக் காட்டும். உண்மையான வீதம் 65 என்றால் தேவை 450 மி.கி. மட்டுமே. கூடுதலாகப் போன 125 மி.கி. ரத்தத் தட்டணுக்களைக் கீழே தள்ளும், அடுத்த சுற்று தள்ளிப்போகும். நல்ல மையங்களில் இதற்காக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அம்மா மிக மெலிந்திருந்து கிரியேட்டினின் 0.5, 0.4 என்று வந்தால் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நியாயமான கேள்வி.

சர்க்கரையும் இதே போலத்தான். பாக்லிடாக்சலுக்கு முன் ஒவ்வாமையைத் தடுக்க டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் சர்க்கரை 300-ஐத் தாண்டலாம். அந்த நாட்களில் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் காலை, மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் பின், இரவு என்று பார்த்து எழுதிவையுங்கள். மாத்திரை அளவை அந்த நாட்களுக்கு மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். பாக்லிடாக்சல் கை கால் மரத்துப்போவதைக் கொண்டுவரும். சர்க்கரையால் ஏற்கெனவே நரம்பு தளர்ந்தவருக்கு அது அதிகம் என்பதால் மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும்.

இப்போது சாப்பாட்டை மாற்றுவது பற்றி. நோய் தெரிந்த பிறகு உணவை மாற்றிப் பார்த்த பெரிய சோதனைகளின் முடிவுகள் கலவையானவை. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடித்த 2,437 பெண்களிடம் கொழுப்பைக் குறைத்த சோதனையில் நோய் திரும்புவது ஓரளவு குறைந்தது. அவர்கள் எடையும் இறங்கியிருந்தது. 3,088 பெண்களுக்குக் காய்கறி, பழம், காய்கறிச் சாறு என்று வாரிக் கொடுத்த மற்றொரு சோதனையில் ஏழு வருஷத்துக்குப் பின்னும் எந்த வித்தியாசமும் இல்லை. அங்கே எடை குறையவில்லை. இரண்டும் அறுவை சிகிச்சை முடித்து ஓரளவு தேறியவர்களிடம் நடந்தவை என்பதைக் கவனியுங்கள். கீமோ ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் தட்டைப் பரிமாறக் கூடாது.

இந்தக் கட்டத்தில் உணவு மதிப்பெண்ணை மூட்டை கட்டி வையுங்கள். இலக்கு இரண்டே: எடை சரியக்கூடாது, தசை கரையக்கூடாது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 வரை. 55 கிலோ அம்மாவுக்கு 55 முதல் 82 கிராம் புரதம். இரண்டு முட்டையில் 12, பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16, அறுபது கிராம் பருப்பில் 13, ஒரு கைப்பிடி சுண்டலில் 6, நூறு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக மீனில் 18. கூட்டினால் 65. சைவம் என்றால் மீனுக்கும் முட்டைக்கும் பதில் பன்னீர், சோயா, வேர்க்கடலை. அளவு கொஞ்சம் கூடும். ஒரே வேளையில் திணிக்காமல் ஆறு சிறு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சினைப்பைப் புற்றுநோயில் எடை மிஷின் ஏமாற்றும். வயிற்றில் நீர் கோத்தால் எடை கூடும், கை கால் மெலிந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை காலையில் எடை பார்க்கும்போதே, இடது மேற்கையின் நடுப்பகுதியைத் தையல் நாடாவால் அளந்து தேதியோடு எழுதுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சேதி. 55 கிலோவில் அது மூன்று கிலோகூட இல்லை.

ஆரோக்கிய உணவு என்று கேள்விப்பட்டதையெல்லாம் இப்போது கொடுத்துவிடாதீர்கள். இந்தப் புற்றுநோயில் குடல் சுருங்கி அடைபடும் ஆபத்து உண்டு. அப்படிச் சுருங்கியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால் கேழ்வரகு, கீரை, பழத்தோல், முழுப் பயறு எல்லாம் எதிரி. குழைய வேகவைத்த சோறு, தோலில்லாப் பருப்பு, மோர், முட்டைதான் பாதுகாப்பு. தொடர் வாந்தி, வயிறு வீக்கம், காற்றுகூடப் பிரியாமை மூன்றும் சேர்ந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்று சோற்றையே நிறுத்துபவர்கள் உண்டு. கட்டிக்கு வேண்டிய குளுக்கோஸை உடம்பு தன் தசையை உருக்கியாவது தயாரித்துவிடும், இழப்பு நோயாளிக்குத்தான். அதிக அளவு வைட்டமின் மாத்திரைகளையும் மூலிகைப் பொடிகளையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். கீமோவின் வேலையில் அவை குறுக்கிடக்கூடும்.

சிகிச்சை முடிந்து, எடை நிலைத்து, குடல் ஒழுங்காக இயங்க ஆரம்பித்த பிறகு பழைய தட்டைத் திருத்தலாம். நம் சமையலில் அதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை. அரிசியை ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் ஏற்றுவது. ஊறுகாயையும் அப்பளத்தையும் தினசரியிலிருந்து எடுப்பது. இரவில் ஒரு வேளையைக் கேழ்வரகுக்கோ கோதுமைக்கோ மாற்றுவது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 வழிகாட்டுதலில் நாளைக்கு 400 கிராம் காய்கறி (அதில் கீரை 100), தனியாகப் பழம் 100, பருப்பு வகை 85 கிராம் என்று சொல்கிறது. 85 கிராம் பருப்புதான் பெரும்பாலான வீடுகள் எட்டாத இலக்கு.

உங்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாவுக்கு வந்தது 'ஹை-கிரேடு சீரஸ்' என்ற வேகமாக வளரும் வகை என்றால், உங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், இந்தப் புற்றுநோய் பரம்பரையாக வந்ததா என்று காட்டும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனையை அம்மாவுக்குச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதன் முடிவு அம்மாவின் மருந்துத் தேர்வையும், உங்களுக்கும் சகோதரிகளுக்கும் என்ன கண்காணிப்பு வேண்டும் என்பதையும் மாற்றும். எந்த உணவு மதிப்பெண்ணுக்கும் அந்த எடை கிடையாது.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது உணவியல் நிபுணரைப் பார்க்க நேரம் கேளுங்கள். கையில் கொண்டுபோக வேண்டியவை: மூன்று நாள் சாப்பாட்டைக் கரண்டிக் கணக்கில் எழுதிய தாள் (அதில் ஒரு நாள் கீமோ போட்ட மறுநாளாக இருக்கட்டும்), தேதியோடு எடையும் கைச் சுற்றளவும், ஸ்டீராய்டு நாட்களின் சர்க்கரை அளவுகள், கடைசி இரண்டு கிரியேட்டினின் அறிக்கைகள்.